விரைவுப் பிரிவின் மூச்சுக்குழாய்

உலகத்தில் எத்தனையோ துறைகள் இருக்கின்றன. நெருப்பை அணைக்க ஒரு துறை, திருடனைப் பிடிக்க ஒரு துறை, இந்த இரண்டும் ஏன் நடக்கவில்லை என்று விளக்கம் எழுத ஒரு துறை. ஆனால் மனிதகுலத்தின் மாபெரும் சாதனை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், மழைநீர் வடிகால் துறைதான். இதில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அவர் பள்ளத்தெருவில் குடியிருப்பவராக இருப்பார். பள்ளத்தில் இருப்பவர்களுக்கு எதையுமே உயர்வாகப் பார்க்கத் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை, கண்ணுகளா. தெருவின் மட்டம் அப்படி.

அந்த மகத்தான துறையிலும் மகத்தானது அதன் 'விரைவுப் பிரிவு'. ஒரு கார். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் இரண்டு சக்கர வண்டி ஒன்று. அதன்மேல் ஒரு பம்பு. காரை ஓட்ட ஒரு டிரைவர், டிரைவரை ஓட்ட ஓர் அதிகாரி. மழை பெய்து எங்கே தண்ணீர் தேங்குகிறதோ, அங்கே பம்பைக் கொண்டுபோய் நிறுத்தி இறைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். இத்தனை எளிமையான வேலை என்பதால் அதைச் செய்வதற்குமுன் நிறையக் கூட்டம் போட வேண்டியிருந்தது.

விரைவுப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மேசையில் கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படம் வைத்திருப்பார். பியூனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அவருக்கு அக்கா என்றால் உயிர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அவரை அடித்துவிட்டால், கண்ணீர் கன்னத்தைத் தொடுவதற்குள் அக்கா வந்து திருப்பி அடித்துவிட்டுப் போயிருப்பார். அந்த விரைவு இன்றுவரை எந்தப் பிரிவுக்கும் வாய்க்கவில்லை.

அந்த அக்காவுக்கு மெத்தைக்கடை. ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை போகிறது. அதைத் தாண்டி ஏறினால் பள்ளத்தெரு. பள்ளத்தெருவின் முதல் கடை அது. உள்ளே போனால் கூரைவரை பஞ்சுப் பொதி. சாண் நீள ஊசியோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருடைய புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இருபது வயதுப் பெண்ணும் அறுபது வயதுக்காரியும் அங்கே ஒரே மாதிரி நரைத்திருப்பார்கள்.

மழை பெய்தால் முதலில் சுரங்கப்பாதை நிரம்பும். அது நிரம்பிய பிறகு தண்ணீர் பள்ளத்தெருவில் நடை பழகும். அப்புறம் அக்காவின் கடைப்படி ஏறும். பஞ்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, வாசலுக்கு வந்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. போன வருடம் அப்படித்தான் பாதிக் கடை போயிற்று. இந்த வருடம் புதிதாகக் கட்டிய மாணவியர் விடுதி ஒன்று, எல்லா அறைகளுக்கும் மெத்தை தைத்துத் தரச் சொல்லியிருந்தது. அக்கா இருக்கிற பணத்தையெல்லாம் பஞ்சாக மாற்றிவிட்டார்.

"தம்பி, இந்தத் தரமும் நனைஞ்சா கடைய மூடிட வேண்டியதுதான்" என்றார் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "போன வருஷம் உன் பம்பு வர்றதுக்குள்ள நாங்க பஞ்ச பிழிஞ்சு காயவே போட்டுட்டோம். இந்தத் தரம் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லு."

"இந்த வருஷம் பாருக்கா. மழை முந்தி வருதா, நான் முந்தி வர்றனான்னு போட்டியே நடக்கும்."

"போட்டியெல்லாம் எதுக்குடா? வாசல்ல வடிகால் மண்ணடைச்சுக் கெடக்கு. ரெண்டு ஆள அனுப்பித் தோண்டச் சொல்லு. போதும்."

"அது பராமரிப்புப் பிரிவுக்கா. நான் விரைவுப் பிரிவு."

"சரி, பராமரிப்புக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்லலாம். ஆனா மண்ணு மெதுவா சேர்ற சமாச்சாரம். மெதுவா நடக்கிற எதுலயும் எங்க பிரிவு தலையிடக் கூடாதுக்கா."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நல்லாத்தான்டா இருக்கு உங்க துறை" என்றார்.

அதிகாரி இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பாராட்டை அடையாளம் காண்பதில் அந்தத் துறைக்கே ஒரு தனித்திறமை உண்டு.

இயக்குநர் தலைமையில் 'தாமதம்: காரணங்களும் களைவும்' என்று ஒரு கூட்டம் நடந்தது. குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக. போன வருடம் பம்பு ஏன் நேரத்துக்குப் போகவில்லை? பம்பு அறைச் சாவியை வைத்திருந்தவர் விடுப்பில் போயிருந்தார். இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சாவிக்காரரும் அங்கேதான் இருந்தார், பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். ஆனால் பெரிய கூட்டங்களுக்கு ஒரு பண்பாடு இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

"டிரைவரைக் கூப்பிடுங்க" என்றார் இயக்குநர்.

டிரைவர் கதவோரம் வந்து நின்றார். வேகம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பின்னால் பம்பை இழுத்துக்கொண்டு ஓட்டுவது பெரியப்பாவைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போவது மாதிரி என்று அவர் அடிக்கடி வருத்தப்படுவார்.

"வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது சார். ஆனா மேடு ஏறுறப்ப மூச்சு முட்டுது."

"யாருக்கு?"

"வண்டிக்கு சார். காத்து போதல."

அறை முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. தாமதத்துக்குக் காரணம் மனிதர் யாரும் இல்லை, கார்தான்! காருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப முடியாது, அது பதில் கடிதத்தில் வேறு யார் பெயரையும் இழுக்காது. இதைவிட உத்தமமான குற்றவாளி எங்கே கிடைக்கும்? 'காரின் சுவாசத்தை மேம்படுத்துவது' என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. சாவிக்காரர் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

அதிகாரியும் டிரைவரும் காரை ஓர் அலங்காரக் கடைக்கு ஓட்டிப்போனார்கள். சாதாரண கார்களைச் சாதாரணமாக இருக்கவிடாத கடை அது. கடைக்காரர் காரின் முன்மூடியைத் திறந்து, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவமே! கம்பெனிக்காரன் மூக்கை எங்க வச்சிருக்கான் பாருங்க சார். இவ்வளவு உசரத்துல, ஒரு பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். இன்ஜின் சூட்டுல வெந்த காத்தத்தான் பாவம் இது குடிக்குது."

"ஏன் அப்படி உயரத்துல வச்சான்?"

"பயம் சார்."

"எதுக்குப் பயம்?"

"கம்பெனிக்காரனுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்தான் சார். நம்மள மாதிரியா?"

'நம்மள மாதிரியா' என்ற சொல் அதிகாரிக்குப் பிடித்திருந்தது. கடைக்காரர் ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். பளபளவென்று சிவப்பு நிறம், கை பருமன், நுனியில் கூம்பு மாதிரி ஒரு வடிகட்டி. பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்ட வேண்டியது. குழாய் வளைந்து கீழே இறங்கி, முன்பக்கத் தடுப்புக்குப் பின்னால், சாலைக்கு ஒரு சாண் உயரத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

"கீழதான் சார் குளிர்ந்த காத்து இருக்கு. ஜில்லுன்னு உள்ள போகும். வண்டி சிங்கம் மாதிரி உறுமும். நீங்க வர்றது நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"விரைவுப் பிரிவுக்கு அதுதான் வேணும்" என்றார் டிரைவர், உணர்ச்சிவசப்பட்டு.

மாட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது கடைக்காரர் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு சார். தண்ணி தேங்கியிருக்கிற எடத்துப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. மூக்கு இப்ப கீழ இருக்கு. காத்துக்குப் பதிலா தண்ணிய இழுத்துடும்."

அதிகாரி புன்னகைத்தார். "நாங்க மழைநீர் வடிகால் துறைப்பா."

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "அட, அப்ப கவலையே இல்ல சார்! நீங்க இருக்கிற எடத்துல தண்ணி எப்படித் தேங்கும்?"

அந்த மனிதர் இதை மனதாரச் சொன்னார், கண்ணுகளா. கிண்டல் ஒரு துளியும் கிடையாது. அதிகாரி 'தேங்கும்ப்பா, நாங்கள் போவதே தேங்கிய இடத்துக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்காரர் அந்தக் குழாயை அப்போதே கழற்றியிருப்பார். ஆனால் துறையின் மானத்தை ஒரு திருகுமுடுக்கியின் முன்னால் எந்த அதிகாரி அடகு வைப்பார்? "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

கார் உறுமியது. அலுவலக வாசலில் அது உறுமியபோது மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. தலைமை எழுத்தர் இறங்கிவந்து முன்மூடியைத் தொட்டுப் பார்த்து, "நம்ம பிரிவுக்கு இப்பத்தான் ஒரு கம்பீரம் வந்திருக்கு" என்றார். கழற்றிய கறுப்புப் பெட்டி அவருடைய மேசைக்கு அடியில் குப்பைக்கூடையாகப் பதவி ஏற்றது.

நல்ல வெயில் நாளில் பள்ளத்தெருவுக்கு ஓர் ஒத்திகைப் பயணமும் நடந்தது. பம்பு பின்னால் துள்ளித் துள்ளி வர, கார் கடை வாசலில் வந்து நின்றது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியும் கையுமாக எழுந்து வந்தார்கள்.

"எவ்வளவு சீக்கிரம் வந்துட்டேன் பார்த்தியாக்கா?"

"பாத்தேன். தண்ணி எங்கடா?"

"தண்ணி இல்லாதப்பவே இவ்வளவு சீக்கிரம்னா, தண்ணி வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு."

அக்கா யோசித்துப் பார்த்தார். பிறகு மண்ணடைத்த வடிகாலைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

அந்த அலுவலகத்தின் வேலைமுறை ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அங்கே எது நகராமல் நின்றாலும் அதற்கு ஒரே மருந்துதான், 'நினைவூட்டல்'. கோப்பு நின்றால் முதல் நினைவூட்டல். அப்படியும் நகராவிட்டால் இரண்டாம் நினைவூட்டல். அதற்கும் மசியாவிட்டால் மேலே சிவப்பில் எழுதிய அவசர நினைவூட்டல். ஏன் நிற்கிறது என்று திறந்து பார்ப்பது வழக்கமில்லை. திறந்து பார்த்தால் வேலை வந்துவிடும். அதிகாரி தன் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இந்த மருந்தைக் கொடுத்து வந்தவர். நின்றுபோன எதையும் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நகரும் என்பது அவருக்குக் கைவந்த ஞானம்.

மழை வந்தது. முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் அருவி மாதிரி வழிந்தது. அதிகாரியின் கைப்பேசி அதிர்ந்தது.

"தம்பி, கடைசிப் படிக்கு வந்துடுச்சுடா" என்றார் அக்கா. பின்னணியில் பெண்கள் பொதிகளை இழுக்கும் சத்தம். "மேசை மேல ஏத்துற வரைக்கும் ஏத்திட்டோம். மேல எடமில்ல. தச்சு முடிச்சதெல்லாம் கீழதான் அடுக்கியிருக்கு. நாளைக்கு விடுதிக்காரங்க வந்து எடுக்கிறதா இருந்தாங்க."

அதிகாரி எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? கூட்டம் முடியலையே" என்றார் இயக்குநர்.

"மழை ஆரம்பிச்சிருச்சு சார்."

"மழை அது வேலையப் பார்க்குது. நாம நம்ம வேலையப் பார்ப்போம். உக்காருங்க."

அதிகாரி உட்காரவில்லை. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் நடுக்கூட்டத்தில் எழுந்து வெளியேறியது அன்றுதான் முதல்முறை. சாவிக்காரர்கூட அன்று விடுப்பில் இல்லை. பம்பு அறை ஒரே திருகில் திறந்தது. கொக்கி மாட்டியது. கார் உறுமியது. எல்லாம் சரியாக நடந்த நாள் அது. இதை மறந்துவிடாதீர்கள்.

சுரங்கப்பாதைக்குமுன் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் மேம்பாலம்; கொஞ்சம் சுற்று, ஆனால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நேரே போனால் சரிவு. சரிவின் அடியில் சுரங்கப்பாதை, பழுப்பு நிறத்தில் நிறைந்து, அமைதியாக, ஒரு குளம் மாதிரி கிடந்தது.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "சார், மேம்பாலத்துல போயிடலாமா?"

"சுத்துவழியா? நேரம் ஆகுமே."

"கொஞ்சம்தான் சார் ஆகும். அந்தக் கடைக்காரர் வேற என்னவோ சொன்னாரே, மூக்கு, தண்ணின்னு..."

"அவர் கடைசியா என்ன சொன்னார்? கவலையே இல்லன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னார் சார்."

"அங்க அக்கா நிக்கிறா. இங்க விரைவுப் பிரிவு தண்ணியப் பார்த்துப் பயந்து மேம்பாலத்துல சுத்திக்கிட்டு இருந்துதுன்னு நாளைக்கு யாராவது சொன்னா? உறும விடுப்பா."

டிரைவருக்கும் உள்ளூர ஆசைதான். விட்டார். கார் சரிவில் உறுமிக்கொண்டே இறங்கியது. சக்கரம் முழுகத் தொடங்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை விரித்தது. எதிரே ஒரு பேருந்து அலட்சியமாக வந்து, ஒரு பெரிய அலையை அன்பளிப்பாக அனுப்பிவிட்டுக் கடந்துபோனது.

சாலைக்கு ஒரு சாண் உயரத்தில் வாயைத் திறந்து காத்திருந்த குழாய் அந்த அலையை ஏமாற்றவில்லை. சிங்கத்தின் உறுமல் நடுவில் அறுந்தது. பிள்ளை பாயசத்தை உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம். பிறகு டக் என்று நின்றது. கார் நின்ற இடம் மிகச்சரியாகச் சுரங்கப்பாதையின் நடுமையம்.

மழைச் சத்தம் மட்டும்.

"நின்னுடுச்சு சார்."

"தெரியுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

"சார், தண்ணி உள்ள போயிருந்தா..."

"ஒரு தரம் நின்னுட்டா விட்டுடறதா? நம்ம ஆபீஸ்ல எந்தக் கோப்பு முதல் தரத்துலேயே நகர்ந்திருக்கு? இன்னொரு தரம்."

டிரைவர் சாவியைத் திருகினார். 'டங்' என்று உள்ளே இரும்பு இரும்பின் தலையில் குட்டியது. இது முதல் நினைவூட்டல்.

"அசைஞ்சுது பார்த்தியா! இன்னும் கொஞ்சம் அழுத்து."

மறுபடி 'டங்'. கொஞ்சம் ஆழத்திலிருந்து. இரண்டாம் நினைவூட்டல்.

"விடாதே!" என்றார் அதிகாரி. முன்கண்ணாடி வழியே, மழைத் திரைக்கு அப்பால், மறுமேட்டில் அக்கா நிற்பது அவருக்குத் தெரிந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நெற்றிமேல் வைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரம்ப்பா! அவசரம்!"

அவசர நினைவூட்டலுக்குக் கார் பணிந்தது. முழு மூச்சில் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளேயிருந்து ஒரு தண்டு ஒடிந்து, இன்ஜினின் விலாவைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. தண்ணீரில் எண்ணெய் வானவில் விரிந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பழைய பால்வண்டி மெதுவாக வந்தது. கம்பெனிக்காரன் பயந்து பயந்து மூக்கை உயரத்தில் வைத்த வண்டி அது. இருமிக்கொண்டே காரின் ஓரமாக உரசாமல் ஒதுங்கி, அந்தக் கரைக்கு ஏறிப்போய்விட்டது. அதன் ஓட்டுநர் போகிறபோக்கில், "என்ன சார், தண்ணி எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

பம்பை என்ன செய்வது? காரோடு கொக்கியில் மாட்டிய பம்பும் முழங்காலுக்குமேல் தண்ணீரில் நின்றது. காரும் பம்பும் குறுக்கே கிடந்ததால், பால்வண்டிக்குப் பின்னால் வந்த பெரிய வண்டி எதனாலும் போக முடியவில்லை. பள்ளத்தெருத் தண்ணீரை இறைக்க வந்தவர்கள், ஆட்களை வைத்துக் கொக்கியைக் கழற்றிப் பம்பை மேட்டுக்கு இழுத்துப்போய் உயிர் கொடுப்பதற்குள் மழையே சலித்துப்போய் நின்றுவிட்டது.

அதற்குமுன்பே அதிகாரி கதவைத் திறந்து தண்ணீரில் இறங்கி, காலணியைத் தொலைத்து, இடுப்புவரை நனைந்து, மறுகரை ஏறிக் கடைக்கு ஓடியிருந்தார். வாசலில் அக்கா அவரைப் பார்த்து, "கால தொடச்சிட்டு உள்ள வாடா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, உள்ளேயும் கணுக்கால் தண்ணீர். அக்காவும் தம்பியும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

தைத்து அடுக்கியிருந்த மெத்தைகள் கீழிருந்து மேலாக, அவசரமே இல்லாமல், தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை அக்கா ஒரு முனையும் தம்பி ஒரு முனையுமாகத் தூக்கினார்கள். யானைக்குட்டி கனம் கனத்தது. தையல் பிரிந்து, நனைந்த பஞ்சு அதிகாரியின் நெஞ்சில் சரிந்தது.

"விட்டுடு தம்பி. இனி இது ஆகாது" என்றார் அக்கா.

அவர் விடவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார்.

விடுதிக்காரர்கள் மறுநாள் வந்தார்கள், பார்த்தார்கள், நல்ல மனிதர்கள், வருத்தப்பட்டார்கள், வேறு கடைக்குப் போய்விட்டார்கள். தைத்த பெண்களும் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அக்கா கடைக்குப் பூட்டுப் போட்டார்.

கார் பட்டறைக்குப் போயிற்று, காயலாங்கடைக்குப் போகும் வழியில். மெக்கானிக் உள்ளேயிருந்து வளைந்து ஒடிந்த தண்டை எடுத்துக் காட்டினார்.

"காத்த அமுக்கலாம் சார், தண்ணிய அமுக்க முடியாது. நின்னவுடனே அப்படியே விட்டிருந்தா தண்ணிய வடிச்சிட்டு ஓட்டியிருக்கலாம். நீங்க திருப்பித் திருப்பி அடிச்சிருக்கீங்க."

கூட வந்திருந்த தலைமை எழுத்தர் நம்ப மறுத்தார். "அமுக்க முடியாததுன்னு ஒண்ணு இருக்கா? நம்ம ஆபீஸ்ல அப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்லையே!"

விசாரணைக் குழு அமைந்தது. தண்ணீர் முன் அனுமதியின்றி அரசு வாகனத்துக்குள் நுழைந்தது என்று அது கண்டறிந்தது. குழாய் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் தண்ணீரோடு கொஞ்சம் காற்றும் போயிருக்கும் என்றும், ஆகவே துறையின் எல்லாக் கார்களுக்கும் பெரிய குழாயாகவே மாட்டிவிடலாம் என்றும் பரிந்துரைத்தது. கடைசியில் இயக்குநர், "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

அதிகாரி கை தூக்கினார். அவருக்கு ராத்தூக்கம் போய் நாளாகியிருந்தது. "சார், பள்ளத்தெரு வடிகால்ல மண்ணு அடைச்சிருக்கு. அத மட்டும் தோண்டியிருந்தா..."

"அது பராமரிப்புப் பிரிவு" என்றார் இயக்குநர் அன்போடு. "நீங்க விரைவுப் பிரிவு. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி வச்சிருக்கேன். நடுக்கூட்டத்துல எழுந்து போயி, தண்ணியில இறங்கினீங்களே! இந்த வருஷ வீரக்கேடயம் உங்களுக்குத்தான். பாராட்டுக் கூட்டத்துல பொதுமக்கள் சார்பா ஒருத்தர் பேசணும். பள்ளத்தெருவுலயே ஒருத்தரைப் பிடிங்க. உங்க அக்கா அங்கதானே?"

"சார், அது வேண்டாம்."

"கூச்சப்படாதீங்க."

கூட்ட அரங்கு நிரம்பியிருந்தது. மேடையில் புதிய குழாய் ஒன்று பட்டுத்துணியின்மேல் வைக்கப்பட்டிருந்தது. இயக்குநர் துறையின் சாதனைகளைப் பேசினார். அதற்கு நேரமாகும் என்று எதிர்பார்த்துத் தண்ணீர்ப் பாட்டில்கள் வைத்திருந்தார்கள். கேடயம் கைமாறியது. அதிகாரி அதை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

பிறகு அக்கா மேடை ஏறினார். ஒலிவாங்கியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசிப் பழக்கமில்ல, மெத்தை தைக்கத்தான் தெரியும். இப்ப அதுவும் இல்ல. துறையப் பாராட்டிப் பேசச் சொன்னாங்க. உண்மையாவே பாராட்டணும்னுதான் வந்திருக்கேன். இத்தன வருஷமா எங்க தெருத் தண்ணியில ஒரு சொட்டக்கூட இந்தத் துறையில யாரும் எடுத்ததில்லன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது தப்புங்க. இந்த வருஷம் எடுத்துட்டாங்க."

இயக்குநர் முதலில் கைதட்ட, அரங்கம் தொடர்ந்து தட்டியது. அக்கா அது அடங்கும்வரை பொறுமையாக நின்றார்.

"உங்க காரு எடுத்துச்சு. வாய் நெறைய எடுத்துச்சு. அதுக்கப்புறம் என் மெத்தை எடுத்துச்சு. ரெண்டும் குடிச்ச தண்ணியோடயே செத்துப்போச்சு. என் தம்பியும் அன்னிக்கு இடுப்பு வரைக்கும் நனைஞ்சான். ஆனா காரு நின்ன பிறகுதான் நனைஞ்சான், அதையும் நான் சொல்லணும். ஓடுற வரைக்கும் அவனும் உள்ளதான் இருந்தான். அதனால, ஐயா, அந்தக் கேடயத்த அவன்கிட்டேருந்து வாங்கிக் காயலாங்கடைக்குப் போன அந்தக் காருக்குக் குடுத்துடுங்க. தண்ணி எடுக்கிற துறையில தண்ணி எடுத்தது அது ஒண்ணுதான். மீதிப் பேரெல்லாம் காஞ்ச சட்டையோட உக்காந்திருக்கீங்க."